லென்ஸ் கீறலும் பற்பசையும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தனுஷ்கோடிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்து, 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸின் முன் கண்ணாடியில் படிந்திருந்ததைச் சட்டை நுனியால் துடைத்திருக்கிறீர்கள். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு கீறல். நடுவில் ஒன்று நீளமாக, ஓரத்தில் ஒன்று சிறிதாக. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தீர்கள். அடுத்த மாதம் தங்கை கல்யாணம். பற்பசை வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் ஓடுவது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: கல்யாணப் படங்கள் கெட்டுப்போகுமா? அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அநேகமாகக் கெடாது. பற்பசை போட்டால் கெடும்.

லென்ஸ்களைக் கழற்றி மாட்டுவது எனக்குப் பதினெட்டு வருடத் தொழில். மதுரையில் ஒரு பெரியவரிடம் பழகினேன். ஃபிலிம் காலத்து ஆள். கீறல் என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால் அவர் லென்ஸைக் கையில் வாங்கவே மாட்டார். "முதல்ல படத்தைக் காட்டுங்க, அப்புறம் லென்ஸைக் காட்டுங்க" என்பார். வந்தவர்களில் பெரும்பாலானோரிடம் காட்டுவதற்குக் கெட்டுப்போன படம் ஒன்றுகூட இருக்காது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துப் பயந்திருப்பார்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் கேள்வியிலும் படம் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

கீறல் ஏன் படத்தில் விழுவதில்லை என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு சின்னக் காகிதத் துண்டை, அரிசி மணி அளவு போதும், லேசாக நனைத்து முன் கண்ணாடியின் நடுவில் ஒட்டவையுங்கள். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பை, எஃப் 1.8-இல் வைத்து (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) எதிரே இருக்கும் சுவரைப் படமெடுங்கள். படத்தில் காகிதம் இருக்காது. காரணம், சுவரில் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி லென்ஸின் ஒரு இடத்தில் மட்டும் நுழைவதில்லை. முன் கண்ணாடி முழுக்கப் பரவி நுழைந்து, மறுபடி ஒரே புள்ளியாக, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் கூடுகிறது. நடுவில் கொஞ்சம் மறைந்தால் மற்ற இடங்களில் நுழைந்த ஒளி அந்தப் புள்ளியை உருவாக்கிவிடும். 500 எம்.எம். கண்ணாடி லென்ஸ் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, மிரர் லென்ஸ், அதன் முன்பக்கம் நட்டநடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய தடுப்பே இருக்கும். காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் ஒளி வரும் வழியின் நடுவே கருவி மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. எடுத்த படத்தின் நடுவில் ஓட்டை விழுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால், 50-ஐ 1.8-ஆல் வகுக்க, ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர். பரப்பளவு 600 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. உங்கள் பெரிய கீறல் 10 மில்லிமீட்டர் நீளம், 0.05 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது அடைப்பது அரை சதுர மில்லிமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே லென்ஸை எஃப் 16-க்குக் கொண்டுபோங்கள். வட்டம் 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இப்போது அதே கீறல் நடுவில் குறுக்கே போனால், நுழையும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கு அதன் மேல் படுகிறது. சுமார் இருபத்தைந்து மடங்கு கூடிவிட்டது. இரண்டு சதவீதமும் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் கீறல் ஏதாவது குறும்பு செய்யும் என்றால் அது அப்பெர்ச்சரைச் சிறிதாக்கும்போதுதான் என்பது இதிலிருந்து புரியும். கல்யாண மண்டபத்தில் எஃப் 16-இல் யாரும் படமெடுப்பதில்லை.

இதுவரை சொன்னது ஒளியை அடைப்பது பற்றி. கீறல் செய்யும் உண்மையான கெடுதல் அடைப்பது அல்ல, சிதறடிப்பது. கீறலின் கரை சின்னச் சின்னச் சில்லுகளாக உடைந்திருக்கும். பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ பலமான வெளிச்சம் அதன் மேல் பட்டால் அது கண்டபடி தெறித்து, சென்சார் முழுக்க ஒரு மெல்லிய பால்படலம் போலப் பரவும். படத்தில் கோடு தெரியாது. கறுப்பு சாம்பலாகிவிடும், பட்டுப்புடவையின் நிறம் வெளிறும். கல்யாண வீட்டில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மேடைக்குப் பின்னால் எல்.ஈ.டி. திரை, ஓரத்தில் வீடியோக்காரரின் லைட், நுழைவாயிலில் சீரியல் செட். இந்த மூன்றும் ஃப்ரேமுக்குள்ளோ அதன் ஓரத்திலோ வரும்போது உங்கள் லென்ஸ் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளிறலாம். லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட் ஒன்றைப் போட்டால் பக்கவாட்டு வெளிச்சம் அடங்கிவிடும். ஹூட் இல்லையென்றால் இடது கையை லென்ஸுக்கு மேலே குடை மாதிரிப் பிடியுங்கள். மூத்த புகைப்படக்காரர்கள் பலர் அப்படித்தான் சமாளித்தார்கள்.

இன்னொரு இடத்தில் கீறல் நேராகவே முகம் காட்டும். பின்னணியில் இருக்கும் சீரியல் பல்புகள் மங்கி வட்ட வட்டமாகத் தெரியும் அல்லவா, பொக்கே என்கிறோமே, அந்த வட்டம் என்பது ஒளி நுழைந்த வழியின் நிழலுருவம்தான். அதனால் நடுக்கீறல் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு மெல்லிய கோடாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தெரியுமா, தெரியாதா என்பது கீறலின் ஆழத்தைப் பொறுத்தது. நீங்கள் அனுப்பிய லென்ஸின் படத்தை வைத்து அதை என்னால் சொல்ல முடியாது. கையில் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது. உங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

வைட் ஆங்கிள் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். அவற்றின் முன் கண்ணாடி பெரிதாகப் புடைத்திருந்தாலும் ஒளி நுழையும் வழி குறுகியது. 16 எம்.எம். லென்ஸில் எஃப் 8 என்றால் வெறும் 2 மில்லிமீட்டர். அதாவது படத்தின் ஒவ்வொரு பகுதியும் முன் கண்ணாடியின் ஒரு சின்ன வட்டாரத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஆழமான கீறல் விழுந்தால், படத்தின் அந்தப் பகுதி மட்டும் மங்கும். ஃபிஷ் ஐ லென்ஸில் இது இன்னும் மோசம். மிக அருகில் இருப்பதுகூட ஓரளவு ஃபோகஸில் விழுவதால், கண்ணாடி மேல் ஒட்டிய தூசியே சில நேரம் தெரியும். உங்களுடையது 50 எம்.எம். என்பதால் தப்பித்தீர்கள்.

பின் கண்ணாடி, அதாவது கேமராவுக்குள் போகும் பக்கம், வேறு கதை. அங்கே ஒளிக்கற்றை ஏற்கெனவே குவிய ஆரம்பித்திருக்கும், சென்சாரும் பக்கத்தில். முன் கண்ணாடியில் ஒரு பொருட்டே இல்லாத கீறல், பின் கண்ணாடியில் விழுந்தால் படத்தில் கறையாகவோ, வெளிச்ச விளக்குகளைச் சுற்றி ஒளிக் கீற்றாகவோ வந்து நிற்கும். லென்ஸை மேஜையில் வைக்கும்போது பின்மூடி இல்லாமல் வைக்காதீர்கள் என்று பெரியவர் திட்டுவதற்குக் காரணம் இதுதான். அவரிடம் நான் வாங்கிய திட்டுகளில் பாதி பின்மூடிக்காக.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள்: அது கீறல்தானா? சிரிக்க வேண்டாம். முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டர் திருகியிருந்ததை மறந்துவிட்டு, அதில் விழுந்த கீறலுக்காகக் கண் கலங்கி வந்தவர்கள் உண்டு. ஃபில்டரைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காய்ந்த உப்புநீரும், எண்ணெய்ப் பிசுக்கை அரைகுறையாகத் துடைத்த தடமும்கூட சாய்வு வெளிச்சத்தில் கீறல் மாதிரியே இருக்கும். கடற்கரை ஊர்களிலும் மலை ஊர்களிலும் இன்னொரு ஆள் உண்டு, ஃபங்கஸ் என்கிற பூஞ்சை. அது நேர்கோடாக இருக்காது. சிலந்தி வலை போல, வேர் போலக் கிளைவிட்டுப் படரும், பெரும்பாலும் உள்கண்ணாடியில். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். கிளைவிட்டுப் போனால் அது கீறல் அல்ல, வளர்கிற பிரச்சினை; உடனே ஒரு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் துடைத்து எடுத்துவிடலாம். நாள் பட்டால் அது கண்ணாடியையே அரித்துத் தடம் பதித்துவிடும். கீறல் அப்படியே கிடக்கும், ஃபங்கஸ் கிடக்காது. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கீறலைத்தான் கேட்பேன்.

எடுத்த படங்களில் கூர்மையான மெல்லிய கோடு ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வருகிறதா? அதற்கு லென்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கும் எதுவும் அவ்வளவு கூர்மையாகப் படத்தில் பதியாது. சென்சார் மேல் இருக்கும் கண்ணாடி கீறியிருக்கலாம், அல்லது ஏதாவது ஒரு மேடையில் லேசர் விளக்கு நேராக கேமராவுக்குள் அடித்து சென்சாரையே சுட்டிருக்கலாம். இப்போது வரவேற்பு மேடைகளில் லேசர் வைப்பது கூடிவிட்டது. அதன் கதிர் லென்ஸை நோக்கித் திரும்பும்போது கேமராவைத் தாழ்த்திவிடுங்கள். ஃபிலிம் காலத்தில் இதே சந்தேகம் வேறு உருவில் வரும். நெகட்டிவ் முழுக்க நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஃபிலிம் டப்பாவின் வாய்த்துணியில் ஒரு மண் துகள் மாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

இனி பற்பசை. அதற்கு முன் நீங்கள் தேய்க்கப்போவது எது என்று தெரிய வேண்டும். லென்ஸைச் சாய்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அது கண்ணாடியின் நிறம் அல்ல, மேலே பூசிய கோட்டிங். பூச்சு இல்லாத கண்ணாடி, தன் மேல் படும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உங்களுடையது போன்ற லென்ஸில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் பத்து இருக்கும். பத்திலும் பூச்சு இல்லையென்றால் உள்ளே வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்து, அதில் ஒரு பகுதி உள்ளுக்குள் எதிரொலித்துப் படத்தை வெளிறச் செய்யும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் மெல்லிய படலம் பூசி இதைக் குறைக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அதுதான். மெக்னீசியம் ஃப்ளோரைடு ஒரு படலம் என்றால் அதன் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியை எழுநூறு தோலாக உரித்தால் ஒரு தோல் எவ்வளவோ அவ்வளவு. நவீன லென்ஸ்களில் பல படலங்கள் இருந்தாலும் எல்லாம் சேர்ந்தும் மிக மெல்லியதுதான்.

பற்பசையில் நுரையோடு அரைக்கும் பொடியும் இருக்கிறது. சிலிக்கா, சுண்ணாம்புப் பொடி மாதிரி. பல்லின் கறையை எடுப்பது அதுதான். உங்கள் கீறல் கண்ணாடிக்குள் இறங்கியிருந்தால் அதன் ஆழம் இந்தப் பூச்சின் தடிமனைவிடப் பல மடங்கு இருக்கும். கீறலை எடுப்பது என்றால் பள்ளத்தை நிரப்புவது அல்ல. பள்ளத்தின் அடி வரைக்கும் சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம் வெட்டி இறக்குவது. அதற்குள் கோட்டிங் எப்போதோ போயிருக்கும், அதுவும் திட்டுத் திட்டாக. கோட்டிங் போவதைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு பரப்பில் மட்டும் போனால் 4 சதவீதம்தான். மன்னிக்க முடியாதது வளைவு மாறுவது. விரலால் தேய்க்கும்போது எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் விழாது. கீறல் இருக்கும் இடத்தில் நீங்கள் கூடுதலாகத் தேய்ப்பீர்கள், அங்கே ஒரு ஆழமற்ற குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தாலும் தெரியாது. ஒளிக்குத் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் பிரதான ஆடி 2.4 மீட்டர் விட்டம் உள்ளது. அதை மெருகேற்றும்போது அளவிடும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அதை நம்பித் தேய்த்ததில் ஆடியின் ஓரம் இருக்க வேண்டியதைவிட சுமார் 2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆடியில் ஒரு கீறல் இல்லை, கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. படங்கள் மட்டும் மங்கல். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த் திருத்தும் ஒளியியல் பாகங்களை மாட்டிய பிறகுதான் சரியானது. உங்கள் லென்ஸிடம் ஹப்பிள் அளவு துல்லியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒப்பீட்டை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் ஒரு இடத்துக் காயம், வளைவு மாறுவது உடம்பு முழுக்கக் கோளாறு. முதலாவதைச் சரிசெய்யப் போய் இரண்டாவதை வாங்கிக்கொள்வதுதான் பற்பசை வைத்தியம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தொழில் பழக ஆரம்பித்த இரண்டாம் வருடம், யாரும் திரும்ப வாங்காத ஒரு பழைய 50 எம்.எம். லென்ஸில், கண்ணாடி மெருகேற்றுபவர்கள் பயன்படுத்தும் சீரியம் ஆக்சைடு பொடியை வாங்கி மூன்று நாள் தேய்த்தேன். கீறல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை கேமராவில் மாட்டி, எதிர்க்கடைப் பெயர்ப் பலகையைப் படமெடுத்துக் காட்டினார். நடுவில் இருந்த எழுத்துக்கெல்லாம் நிழல் போட்ட மாதிரி ஒரு இரட்டை விளிம்பு. கீறலோடு இருந்தபோது அந்தப் பலகையைத் தெளிவாக எடுத்த லென்ஸ் அது.

அப்படியென்றால் கார் ஹெட்லைட்டில் பற்பசை வேலை செய்கிறதே என்று கேட்பீர்கள். செய்கிறது. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல்தோல் வெயிலில் மஞ்சளடித்துப் போகிறது, அதைச் சுரண்டி எடுத்தால் வெளிச்சம் வெளியே போகும். அங்கே உருவம் எதையும் அது குவிப்பதில்லை, வளைவு கொஞ்சம் மாறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வீடியோவில் காட்டுபவர்கள் பெரும்பாலும் லென்ஸைத்தான் முன்னும் பின்னும் காட்டுவார்கள், அதில் எடுத்த படத்தைக் காட்ட மாட்டார்கள். கவனித்துப் பாருங்கள்.

முறையாக மெருகேற்றி மறுபடி கோட்டிங் போடவே முடியாதா என்றால், முடியும். அந்தக் கண்ணாடியின் வளைவுக்குச் சரியான எதிர்வளைவுள்ள அச்சில் வைத்து, முழுப் பரப்பையும் ஒன்றுபோல அரைத்து, ஒளி அலையின் அளவில் சோதித்து, பிறகு வெற்றிட அறையில் பூச்சு ஏற்ற வேண்டும். வெளிநாடுகளில் பழைய லைக்கா லென்ஸ்களுக்கு இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 1930-களில் வந்த சும்மார் லென்ஸின் முன் கண்ணாடி மிக மென்மையானது, கீறாத ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். அதற்கெல்லாம் இந்தச் செலவு நியாயம். உங்கள் 50 எம்.எம்.முக்கு ஆகும் கூலியில் அதே லென்ஸை ஒன்றுக்கு மேலாகவே வாங்கலாம். முன் கண்ணாடியை மட்டும் மாற்றுவதும் அப்படித்தான். விலை உயர்ந்த லென்ஸ் என்றால் யோசிக்கலாம், அதுவும் மையம் பிசகாமல் பொருத்தத் தெரிந்தவரிடம். விலை குறைந்த லென்ஸில் பாகம் கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

செய்யக்கூடிய ஒரே நாட்டு வைத்தியம் கறுப்பு மை. கீறல் ஆழமாக இருந்து, வெளிச்சத்தில் வெள்ளையாகப் பளிச்சிட்டால், அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு மையை நிரப்பிவிடுவது. கண்ணாடி சிதறடிக்கும் இடத்தை ஒளியை விழுங்கும் இடமாக மாற்றிவிடுகிறோம். மேலே போட்ட கணக்குப்படி ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி போகும், போகட்டும். பெரியவர் ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை மிக மெல்லிய தூரிகையால், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தொட்டு வைப்பார். காய்ந்ததும் பள்ளத்துக்கு வெளியே வழிந்ததைத் துணியால் எடுத்துவிடுவார். சரியில்லை என்றால் துடைத்து எடுத்துவிடலாம் என்பது இதில் பெரிய வசதி. ஆனால் மயிரிழைக் கீறலுக்கு இது வேண்டாம். மை பள்ளத்தைவிட அகலமாகப் பரவி, இருந்ததைவிடப் பெரிய கோடாகிவிடும். சாய்த்துப் பார்க்கும்போது மட்டும் ஊதா நிறம் விட்டுப்போனது போலத் தெரிந்து, எதிர்வெளிச்சத்தில் பிடித்து ஊடே பார்த்தால் காணாமல் போகிறது என்றால், பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது என்று கொள்ளலாம். இந்த அடையாளம் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்படியானால் கையே வைக்காதீர்கள்.

இப்போது சோதனை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகலில் மேகமில்லாத வானத்தை எஃப் 2, எஃப் 8, எஃப் 16 என்று மூன்று படம் எடுங்கள். எஃப் 16-இல் சின்னச் சின்னக் கறும்புள்ளிகள் வந்தால் அது சென்சார் தூசி. வேறு லென்ஸ் மாட்டினாலும் அதே இடத்தில் இருக்கும். கீறலோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரவில் வீட்டில் யாரையாவது நிற்கவைத்து, அவர்கள் தோளுக்குப் பின்னால் ஒரு பல்ப் எரியும்படி எடுங்கள்; பல்ப் ஃப்ரேமுக்குள் இருக்கும்படி ஒன்று, ஃப்ரேமுக்குச் சற்று வெளியே இருக்கும்படி ஒன்று. அப்புறம் தூரத்துச் சீரியல் பல்புகளை வேண்டுமென்றே ஃபோகஸ் விட்டு எடுத்து, வட்டங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதே படங்களை நண்பர் ஒருவரின் கீறலில்லாத லென்ஸிலும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தால் பதில் உங்கள் கண்ணிலேயே கிடைத்துவிடும். ஒப்பீடு இல்லாமல் பார்த்தால், எந்த லென்ஸிலும் வருகிற சாதாரண ஃப்ளேரைக்கூட, அதாவது எதிர்வெளிச்சத்தில் வரும் வெளிறலைக்கூட, கீறலின் தலையில் கட்டிவிடுவோம்.

நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. கீறியது சட்டைத்துணி அல்ல, மணல். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7, லென்ஸ் கண்ணாடிகள் பெரும்பாலும் 5-லிருந்து 6-க்குள். துணியின் இழையில் ஒரே ஒரு துகள் மாட்டினால் போதும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். அதனால் வரிசை முக்கியம். முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு இதற்கென்றே வைத்திருக்கும் மென்தூரிகை. கடல்காற்றில் படிந்த உப்பு இவற்றுக்குப் போகாது, ஈரத்தில் கரைய வேண்டும். லென்ஸ் கிளீனரை மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றி, அழுத்தாமல் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராகச் சொட்டு விடாதீர்கள், ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். அதிலிருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கரைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினம் துடைக்காதீர்கள். நான்கு தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். என் மேஜைக்கு வரும் பழைய லென்ஸ்களில் விபத்தில் கீறியதைவிட, துடைத்துத் துடைத்தே தேய்ந்தவைதான் அதிகம்.

ஃபில்டர் போட வேண்டுமா என்றால், கடற்கரைக்கும் புழுதிக்கும் போடுங்கள், இரவு விளக்குகள் இருக்கும் இடத்தில் கழற்றிவிடுங்கள் என்பது என் கட்சி. மட்டமான ஃபில்டர் ஒன்று, நீங்கள் பயப்படும் கீறலைவிட அதிகமாகப் படத்தைக் கெடுக்கும். விளக்குகளுக்கு ஒரு பேய் நிழல் சேர்த்துக் கொடுக்கும். எதிர்க்கட்சியில் நல்ல புகைப்படக்காரர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

கீறல் உண்மையிலேயே அடிக்கும் இடம் விற்கும்போதுதான். படத்தில் தெரியாத கீறலுக்கும் வாங்குபவர் விலையைக் குறைப்பார். அதையே திருப்பிப் போட்டால், முன் கண்ணாடியில் ஒரு கீறலோடு வரும் நல்ல லென்ஸை மலிவாக வாங்கலாம்; என் சொந்த உபயோகத்தில் இருக்கும் 85 எம்.எம். அப்படி வந்ததுதான்.

கடைசியில், செல்போன் கேமராவில் கீறல் விழுந்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். போன் பழுது பார்ப்பது என் வேலை இல்லை, ஒளியியல் மட்டும் சொல்கிறேன். அதன் லென்ஸுக்கு ஒளி நுழையும் வழியே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், எப்போதும் எஃப் 16-இல் இருக்கும் உங்கள் 50 எம்.எம். மாதிரி. அதனால் அங்கே கீறல் சீக்கிரம் தெரியும், இரவில் தெருவிளக்குகளிலிருந்து நீளமாகக் கீற்று இழுக்கும். நல்லவேளையாக, கீறுவது பெரும்பாலும் மேலே இருக்கும் காப்புக் கண்ணாடிதான், லென்ஸ் அல்ல. அதை மட்டும் மாற்றித் தருவார்கள். மாற்றும்போது உள்ளே தூசி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் சோதனைப் படங்களை எடுத்ததும் எஃப் 2-இல் எடுத்ததையும் பல்ப் படத்தையும் எனக்குக் காட்டுங்கள், மை தேவையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.